நோய் தொடங்கிய வயது: உயர் குருதியமுக்கமும் இதயநோயும் – அமிர்தகழிப் பிரதேசத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

தோற்றுவாய்

மட்டக்களப்பு நகரை அடுத்து வாவிக்கரையில் அமைந்துள்ள அமிர்தகழி, மாமாங்கேசுவரர் ஆலயத்தாலும் அதன் தீர்த்தத்தாலும் கிழக்கு மாகாணம் எங்கும் அறியப்பட்ட ஊராகும். ஆடி அமாவாசை நாளில் தந்தையை இழந்தோர் அங்குக் கூடித் தீர்த்தமாடிப் பிதிர்க்கடன் செலுத்துவர். தந்தை, பாட்டன், பூட்டன் என மூன்று தலைமுறையினரின் பெயர்கள் அவ்வேளையில் நினைவுகூரப்படும். இன்னொரு புறம், தாய்வழியாக வரும் குடிமுறையும் மட்டக்களப்புத் தமிழரின் சமூக அமைப்பிற்கு அடிப்படையாய் அமைந்துள்ளது. இவ்வாறு தந்தைவழியைச் சடங்கினாலும் தாய்வழியைக் குடியினாலும் போற்றி வந்த ஒரு சமுதாயம், தன் முன்னோரின் வழிமுறையை மறவாத சமுதாயம் எனலாம்.

ஆயினும் அம்முன்னோரை எந்நோய் பற்றியது, எந்த வயதிற் பற்றியது என்னும் செய்திகள் பெயரும் குடியும் பேணப்பட்ட அளவிற்குப் பேணப்படவில்லை. "அப்பாவுக்குப் பிறசர் இருந்தது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அது முப்பத்தெட்டாவது வயதில் வந்ததா, அறுபத்தெட்டாவது வயதில் வந்ததா என்று கேட்போர் அரியர். அண்மைக்கால மருத்துவ ஆராய்ச்சியோ இவ்விரண்டிற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு என்று நிறுவியுள்ளது. நோய் தொடங்கிய வயது, நோயாளியின் இதயத்திற்கு நேரக்கூடிய கேட்டினை முன்னுணர்த்துவதோடு, அவர்தம் மக்களின் நிலையையும் ஒருவாறு உணர்த்துகின்றது. இவ்வறிவு எவ்வாறு படிப்படியாக உருவாயிற்று என்பதையும், வாவிக்கரை மக்களுக்கு அதனாலாய பயன் யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாடியும் அமுக்கமும்

இதயம் சுருங்கும்போது குருதி நாடிகளின் சுவரை உந்தும் விசை சுருக்க அமுக்கம் எனப்படும். இதயம் தளரும்போது எஞ்சிநிற்கும் விசை தளர்வு அமுக்கம் எனப்படும். இவையிரண்டும் இரசத்தின் உயரத்தால், மில்லிமீற்றரில், குறிக்கப்படும். நெடுங்காலமாக 140/90 என்பதே உயர் குருதியமுக்கத்தின் வாயிலாகக் கொள்ளப்பட்டு வந்தது. 2017 ஆம் ஆண்டில் அமெரிக்க இதயவியற் சங்கங்கள் அவ்வாயிலை 130/80 எனத் தாழ்த்தின. வாயில் எதுவாயினும், அளக்கப்படுவது நாளுக்கு நாள் ஏறியிறங்கும் ஒரு தொடர்ச்சியான அளவே என்பதும், நோய்க்கும் நலத்திற்கும் இடையே இயற்கை கோடு எதனையும் கிழித்துவைக்கவில்லை என்பதும் மறக்கற்பாலன அல்ல. பிளாற், பிக்கறிங் என்னும் ஆங்கில மருத்துவர் இருவர் 1950 களில் நிகழ்த்திய புகழ்பெற்ற விவாதம் இப்பொருள் பற்றியதே. உயர் குருதியமுக்கம் தனியொரு பிறவிக்கூறினால் வரும் தனிநோய் என்றார் பிளாற். அது மக்கள் எல்லோரிடத்தும் கூடியும் குறைந்தும் காணப்படும் ஓர் அளவின் மேல்விளிம்பே என்றார் பிக்கறிங். காலம் பிக்கறிங்கின் கருத்தையே பெரிதும் ஏற்றுக்கொண்டது.

அளவுகருவி தோன்றுமுன் மருத்துவனுக்குத் துணையாக இருந்தது விரலே. நமது சித்த மருத்துவத்தில் மணிக்கட்டின் நாடியைத் தொட்டு வாதம், பித்தம், சேத்துமம் என்னும் முத்தன்மைகளைப் பகுத்தறிந்தனர். அதனை எண்ணாற் குறிக்கும் முயற்சி மேலைநாட்டிற் பிற்காலத்தில் எழுந்தது. ஸ்ரீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார் ஒரு குதிரையின் நாடியிற் குழாயைச் செருகி, அதனோடு இணைத்த கண்ணாடிக் குழாயிற் குருதி 8 அடி 3 அங்குலம் உயர்ந்ததைக் கண்டு 1733 இல் வெளியிட்டார். மனிதரிடத்து நாளாந்தம் செய்யத்தக்க முறை அதுவன்று. 1896 இல் இத்தாலியரான றிவா ரொச்சி கையைச் சுற்றிக் கட்டும் காற்றுப்பட்டியையும் இரசமானியையும் இணைத்தார். 1905 இல் உருசியரான கொறொற்கொவ், பட்டியின் இறுக்கம் தளரும்போது நாடியில் எழும் ஒலிகளைக் கேட்டு இரு அமுக்கங்களையும் பிரித்தறியும் வழியைக் காட்டினார். நூறாண்டுக்கு மேலாக உலகின் வைத்தியசாலைகளெல்லாம் பின்பற்றிய முறை இதுவேயாகும்.

பிறெடெரிக் மகொமெட்டின் கூர்நோக்கு

இவ்விரு கண்டுபிடிப்புகளுக்கும் முன்னரே, நோய் தொடங்கும் வயது பற்றிய சிந்தனையின் வித்தினை இட்டவர் ஒருவர் உளர். இலண்டன் கைஸ் வைத்தியசாலையில் பணியாற்றிய பிறெடெரிக் அக்பர் மகொமெட் என்பவரே அவர். 1849 இற் பிறந்த இவர், இந்தியாவின் பட்னாவிலிருந்து இங்கிலாந்து சென்று 1810 இல் இலண்டனில் இந்திய உணவுச்சாலை ஒன்றை நிறுவிய சேக் டீன் மகொமெட்டின் பேரனாவார். அக்காலத்தில் உயர் அமுக்கம் சிறுநீரக நோயின் விளைவென்றே கருதப்பட்டது. 1836 இல் றிச்சர்ட் பிறைற் என்பார் சிறுநீரகக் கேட்டினையும் இதயத்தின் தடிப்பினையும் தொடர்புபடுத்திக் கூறியதன் பயன் அக்கருத்து. மகொமெட், நாடித்துடிப்பைத் தாளில் வரைந்து காட்டும் கருவியைச் செம்மைப்படுத்தி, சிறுநீரிற் குறையேதுமில்லாத, நலமுடையவர் போலத் தோன்றிய பலரிடத்தும் நாடியின் இறுக்கம் மிக்கிருப்பதைக் கண்டார். அத்தகையோர் இளமையிற் பெருந்துன்பமின்றி வாழ்வரெனினும் வயது ஏற ஏற அவ்விறுக்கமே பகையாய் வளர்ந்து இதயத்தையும் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும் என்பது அவர் கொண்ட முடிவு. அஃதாவது, நோய் வெளிப்படும் காலம் வேறு, தொடங்கிய காலம் வேறு என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

மகொமெட்டின் ஆய்வுகள் வெளிவரத் தொடங்கிய 1872 ஆம் ஆண்டிலேயே, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்களின் "வைத்தியாகரம்" வெளிவந்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. உடற்றொழிலியல் பற்றிய "மனுஷ சுகரணம்" 1883 இல் வந்தது. இருவரும் 1884 ஆம் ஆண்டிலேயே மறைந்தனர். மகொமெட்டுக்கு அப்போது வயது 35. புத்தறிவு பிறந்த காலத்திலேயே அதனைச் சொல்லும் தமிழும் ஆயத்தமாய் நின்றது என்பதற்கு இது சான்று. அம்மரபு இடையறாது தொடர்ந்திருக்குமாயின், "பிறசர்" என்னும் ஒரு சொல்லிலேயே இந்நோயின் வரலாறு முழுவதையும் அடக்கிவிடும் நிலை நமக்கு ஏற்பட்டிராது.

காப்புறுதிக் கணக்கர் கண்ட உண்மை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவரினும் காப்புறுதி நிறுவனங்களே இந்நோயின் தன்மையை முதலில் திட்டமாக அறிந்தன என்பது வியப்பிற்குரியது. அமெரிக்காவின் நோர்த்வெஸ்ரேன் மியூச்சுவல் ஆயுட்காப்புறுதி நிறுவனம், தன் மருத்துவப் பணிப்பாளர் பிஷர் என்பாரின் முயற்சியால், 1907 முதல் விண்ணப்பகாரரின் குருதியமுக்கத்தை அளக்கலாயிற்று. நலமுள்ளவரென ஏற்கப்பட்டவரிடையேயும் அமுக்கம் மிக்கவர் முன்னதாக இறந்தனர் என்பதை அந்நிறுவனத்தின் ஏடுகள் காட்டின. நோயின் பெயரைக் காட்டிலும் அளவும் வயதும் இறப்பும் கணக்கருக்கு முதன்மையானவை. ஆதலின் அவர்தம் பதிவுகளிலேயே வயதின் பங்கு முதன்முதலிற் புலனாயிற்று.

அக்காலத்து மருத்துவர் பலர் இதற்கு மாறாக எண்ணினர். நாடிகள் தடித்துவிட்ட பின் உறுப்புகளுக்குக் குருதி செல்லவேண்டுமாயின் அமுக்கம் உயர்ந்தேயாக வேண்டும், அதனைக் குறைப்பது தீங்கு என்பது அவர் கொள்கை. "நூறோடு வயதைக் கூட்டினால் வருவதே உரிய அமுக்கம்" என்னும் வாய்பாடும் வழங்கிற்று. அறுபது வயதினருக்கு 160 இயல்பே என இதனாற் கொள்ளப்பட்டது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உரூசுவெல்ற்றின் அமுக்கம் 1937 இல் 162/98 ஆக இருந்தது. அது ஆண்டுதோறும் ஏறி, 1945 ஏப்பிரல் 12 ஆம் நாள் மூளையிற் குருதி பெருகி அவர் 63 ஆவது வயதில் இறந்தபோது 300/190 ஆயிற்று. உலகின் தலைசிறந்த மருத்துவ வசதி வாய்க்கப்பெற்றவருக்கும் அன்று பயன்தரும் மருந்து இல்லை. அளவிருந்தும், அவ்வளவினாற் பயன்கொள்ள அறியாத காலம் அது.

1961 இல் மெற்றோபொலிற்றன் ஆயுட்காப்புறுதி நிறுவனம் வெளியிட்ட ஓர் அட்டவணை நமது பொருளுக்கு மிக நெருங்கியதாகும். அமுக்கம் 120/80 ஆகவுள்ள 35 வயது ஆடவர் மேலும் 41.5 ஆண்டுகள் வாழ்வார் என எதிர்பார்க்கலாம். அவ்வயதிலேயே 150/100 உள்ளவர்க்கு எஞ்சுவன 25 ஆண்டுகளே. இழப்பு 16.5 ஆண்டுகள். அதே 150/100 ஆகிய அமுக்கம் 45 வயதிற் காணப்படின் இழப்பு 11.5 ஆண்டுகள், 55 வயதிற் காணப்படின் 6 ஆண்டுகள். அளவு ஒன்றே, வயது மட்டுமே வேறு. அளவுகருவி காட்டும் எண்ணை மட்டும் கொண்டு கேட்டினை மதிப்பிட முடியாது, அவ்வெண் எந்த வயதில் எழுந்தது என்பதும் உடன்வைத்து எண்ணற்பாலது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அக்காலத்தில் இல்லை.

பிறாமிங்காம் முதல் தங்சான் வரை

உரூசுவெல்ற் மறைந்து மூன்றாண்டுகளின் பின், 1948 இல், மசச்சூசெற்ஸ் மாநிலத்துப் பிறாமிங்காம் என்னும் சிறுநகரில் இதயநோய் பற்றிய நீண்டகால ஆய்வு தொடங்கிற்று. 5,209 ஆடவரும் பெண்டிரும் அதிற் சேர்க்கப்பட்டு, இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதிக்கப்பட்டனர். 1971 இல் அவர்தம் மக்களும், பின்னர்ப் பேரரும் சேர்க்கப்பட்டனர். காப்புறுதி ஏடுகள் ஒருநாள் எடுத்த அளவையே கொண்டிருந்தன. பிறாமிங்காமிலோ ஒருவருடைய அமுக்கம் எந்த ஆண்டுவரை இயல்பாயிருந்தது, எந்த ஆண்டில் எல்லையைக் கடந்தது என்பதைத் திட்டமாகக் கூற இயன்றது. நோய் தொடங்கிய வயது, நோயாளியின் நினைவாக அன்றி, எழுத்தில் நின்ற வரலாற்றுச் செய்தியாக முதன்முறை கிடைத்தது இவ்வாறேயாம்.

அப்பதிவுகளைக் கொண்டு 2017 இல் வெளிவந்த ஆய்வொன்று, முதற்றலைமுறையினர் 3,614 பேரையும் இரண்டாந் தலைமுறையினர் 1,635 பேரையும் நோக்கிற்று. உயர் அமுக்கம் இல்லாதாரோடு ஒப்பிடுகையில், 45 வயதிற்கு முன் அது தொடங்கியவர் இதய, நாடி நோய்களால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 2.2 மடங்காகவும், 65 வயதின் பின் தொடங்கியவர்க்கு 1.5 மடங்காகவும் காணப்பட்டது. அன்றியும், பெற்றோருக்கு 55 வயதிற்கு முன் தொடங்கிய உயர் அமுக்கம் மக்களுக்கும் அந்நோய் வருதலை முன்னுணர்த்திற்று. முதுமையில் தொடங்கியது அவ்வாறு உணர்த்தவில்லை. அதே ஆண்டில் வெளிவந்த இன்னோர் ஆய்வு பாட்டன் பாட்டியரின் இளவயது நோயும் பேரரிடத்துத் தொடர்கின்றது என்றது.

சீனத்துத் தங்சான் நகரின் கைலுவான் நிலக்கரி நிறுவனத்தைச் சார்ந்தோரிடையே 2006 இல் தொடங்கிய ஆய்வு இம்முடிவை வேறொரு மக்களிடத்தும் உறுதிப்படுத்திற்று. நோயற்ற 71,245 பேரைப் பின்தொடர்ந்து, புதிதாக அமுக்கம் உயர்ந்த ஒவ்வொருவரையும் அதே வயதும் பாலும் உடைய, அமுக்கம் உயராத ஒருவரோடு இணைத்து நோக்கினர். 45 வயதிற்கு முன் தொடங்கியவர்க்கு இதய, நாடி நோய்களின் ஆபத்து 2.26 மடங்கு. 65 வயதின் பின் தொடங்கியவர்க்கு 1.33 மடங்கு. இம்முடிவுகள் 2020 இல் வெளியிடப்பட்டன.

பல்கலைக்கழக மாணவரைப் பற்றிய சான்றும் உண்டு. ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் 1914 முதல் 1952 வரை நுழைந்த 18,881 மாணவரின் அமுக்கம், அவர்தம் சராசரி வயது ஏறத்தாழப் பதினெட்டாக இருந்தபோது, அளந்து வைக்கப்பட்டிருந்தது. அவர்களின் வாழ்வை 1998 வரை பின்தொடர்ந்து நோக்கியபோது, நுழைவு நாளின் அமுக்கம் உயர்ந்திருந்தவரிடையே இதயநோய் இறப்பு மிக்கிருந்தமை தெரியவந்தது. பதினெட்டாவது வயதில் ஒருமுறை எழுதப்பட்ட ஓர் எண் அரை நூற்றாண்டின் பின் பேசுகின்றது.

காரணமும் விளக்கமும்

இளமையில் தொடங்குவது ஏன் கூடிய கேட்டினைத் தருகின்றது? முதலாவது, சுமையின் காலம். உயர் அமுக்கத்தை எதிர்த்துக் குருதியை உந்தவேண்டிய இதயத்தின் இடக்கீழறை சுமை தூக்குவோன் தோள் போலத் தடிக்கும். ஆயின் இத்தடிப்பு வலிமையன்று. சுவர் விறைத்து, தளர்ந்து விரியும் இயல்பு குன்றி, ஈற்றில் இதயம் சோர்வடையும். நாடிகளின் உட்சுவரும் புண்பட்டுக் கொழுப்புப் படிதற்கு இடந்தரும். இவை ஆண்டுக்கணக்கில் நிகழ்வன. முப்பத்தைந்தில் தொடங்கியவர் அறுபதை அடையும்போது இருபத்தைந்து ஆண்டுச் சுமையைத் தாங்கியவராவார். அறுபதில் தொடங்கியவர் அப்போதுதான் அதனை ஏற்கின்றார்.

இரண்டாவது, நோயின் இயல்பு. முதுமையில் பெருநாடி தன் நெகிழ்ச்சியை இழப்பதால் சுருக்க அமுக்கம் உயர்ந்து தளர்வு அமுக்கம் தாழும். இது பெரும்பாலும் மூப்பின் விளைவு. இளமையிலோ சிறுநாடிகளின் இறுக்கத்தால் தளர்வு அமுக்கமும் உயரும். பிறாமிங்காம் பதிவுகளில் ஐம்பது வயதிற்குக் கீழ்ப்பட்டோரிடம் இதயநோயை முன்னுணர்த்துவதில் தளர்வு அமுக்கமே மேம்பட்டு நின்றது. மூன்றாவது, பிறவிக்கூறு. மூப்பின் உதவியின்றியே உயரும் அமுக்கத்தின் பின்னால் குடும்பவழிப் பண்பு வலுவாய் நிற்கின்றது. சிலவிடத்துச் சிறுநீரக நாடியின் ஒடுக்கமோ சுரப்பிகளின் கோளாறோ காரணமாய் இருத்தலும் கூடும். 1934 இல் கோல்ட்பிளாற் என்பார் நாயின் சிறுநீரக நாடியை இறுக்கி அமுக்கத்தை உயர்த்திக் காட்டியதன் பின் இவ்வுண்மை தெளிவாயிற்று. எனவேதான் இளையோரிடம் உயர் அமுக்கம் காணுமிடத்து மருத்துவர் அத்தகைய காரணங்களைத் தேடுவர்.

ஈண்டு ஒரு தவறான முடிவிற்குச் செல்லாதிருத்தல் வேண்டும். மடங்கு வேறு, தொகை வேறு. நாற்பது வயதினரிடையே மாரடைப்பு அரிதாகலின் அது இருமடங்காயினும் எண்ணிக்கை சிறிதே. எழுபது வயதினரிடையே அது பெருவழக்காகலின் மூன்றிலொரு பங்கு கூடினும் எண்ணிக்கை பெரிது. ஆதலின் முதுமையில் வரும் உயர் அமுக்கத்தைப் புறக்கணிக்கலாம் என்பார் கூற்றுப் பொருந்தாது. 1991 இல் முடிவுற்ற அமெரிக்கச் சோதனையொன்று, அறுபது கடந்தோரின் சுருக்க அமுக்கத்தைக் குறைப்பதாற் பாரிசவாதம் 36 வீதம் குறைதலைக் காட்டிற்று. 2008 இல் வெளிவந்த இன்னொரு சோதனை, எண்பது கடந்த 3,845 பேரிடத்தும் சிகிச்சை உயிர்காக்கும் என நிறுவிற்று. "நூறோடு வயது" என்னும் பழைய வாய்பாடு இவற்றால் வேரற்றது.

சிகிச்சையின் வரலாற்றில் நம் மண்ணின் மூலிகைக்கும் இடமுண்டு. சர்ப்பகந்தாவின் வேர் அமுக்கத்தைக் குறைப்பதை இந்திய ஆய்வாளர் 1931 இல் வெளியிட்டனர். பம்பாய் மருத்துவர் உருஸ்தம் ஜால் வக்கீல் 1949 இல் எழுதிய கட்டுரையால் மேலைநாட்டார் அதனை அறிந்தனர். 1952 இல் அதிலிருந்து றெசர்ப்பீன் பிரித்தெடுக்கப்பட்டது. அமெரிக்காவில் எட்வேட் பிறைஸ் நடத்திய சோதனைகள் 1967 இலும் 1970 இலும் மருந்தினால் உயிர் காக்கப்படுதலை முதன்முதல் ஐயமற நிறுவின. அவற்றிற் பயன்பட்ட மருந்துகளுள் றெசர்ப்பீனும் ஒன்று. ஆயினும் இப்பெருஞ்சோதனைகளெல்லாம் நடுவயதினரையும் முதியோரையும் கொண்டே நடைபெற்றன என்பதும் குறிக்கற்பாலது. மிகுந்த சார்பாபத்தினை உடைய இளையோர் சோதனைகளில் மிகக் குறைவாகவே இடம்பெற்றனர்.

இலங்கையும் வாவிக்கரையும்

தெற்காசியருக்கு இச்செய்தி ஏனையோரினும் நெருங்கியது. இலங்கை உட்பட 52 நாடுகளில் நடைபெற்ற ஆய்வொன்று, முதல் மாரடைப்பு வரும் நடுவயது தெற்காசியரிடம் 53 ஆகவும் ஏனையோரிடம் ஏறத்தாழ 59 ஆகவும் உள்ளமையை 2007 இற் காட்டிற்று. குடும்பத்தின் உழைப்பாளி ஆறாண்டுகள் முந்தி வீழ்வாராயின், பிள்ளைகளின் கல்வி, பெண்மக்களின் மணம், வீட்டின் கடன் ஆகிய யாவும் முடிவுறாத காலத்திலேயே அது நேர்கின்றது.

இலங்கையில் உயர் குருதியமுக்கம் பற்றிய முதன்மையான கணக்கெடுப்புகளுள் ஒன்று 2005–2006 இல் நடைபெற்றது. வளர்ந்தோருள் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் இந்நோயுடையர் என்பது அதன் முடிவு. ஒன்பது மாகாணங்களுள் ஏழு மட்டுமே அதில் அடங்கின. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் விடப்பட்டன. எனவே நாடு தன் மக்களின் இதயத்தை எண்ணிய அவ்வேளையில் அமிர்தகழியும் அதனைச் சூழ்ந்த வாவிக்கரையும் எண்ணப்படவில்லை. இதன் பொருள் ஓர் எண் குறைந்தது என்பதன்று. 1983 முதல் 2009 வரையான போர்க்காலத்தில் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருந்த தலைமுறைக்கு நோய் எப்போது தொடங்கியது என்பதற்கான எழுத்துச் சான்று கிடைத்தற்கரியதாயிற்று என்பதாகும். 2004 திசெம்பர் 26 இன் ஆழிப்பேரலை இக்கடற்கரையின் உயிர்களையும் உடைமைகளையும் வாரிச்சென்றதும் இவ்விடைவெளிக்குள்ளேயே ஆகும்.

வாவிக்கரை உணவிற் கருவாட்டிற்கும் உப்பிட்ட பண்டங்களுக்கும் உள்ள இடம் யாவரும் அறிந்தது. 1988 இல் வெளிவந்த, 52 நிலையங்களில் 10,079 பேரைக் கொண்ட பன்னாட்டு ஆய்வு, உப்பு மிகுந்த மக்களிடையே வயதோடு அமுக்கம் ஏறுவதும் மிகுதல் கண்டது. உப்பை ஏறத்தாழ அறியாத தென்னமெரிக்க யனோமாமி மக்களிடம் முதுமையிலும் அமுக்கம் உயரவில்லை. ஆகவே வயதோடு அமுக்கம் ஏறுதல் மாற்றவியலா விதியன்று. வாழ்முறையோடு இணைந்த வரலாறே அதுவாகும். மீன் உலர்த்தி வாழும் குடும்பங்களைப் பழித்தல் இதன் கருத்தன்று. கருவாட்டை நன்கு நீரில் ஊறவிட்டுக் கழுவுதல், சமைக்குங்கால் வேறு உப்பிடாமை, சோற்றில் உப்பிடும் வழக்கைக் கைவிடல் என்பன மரபினுள் நின்றே செய்யத்தக்கன.

நம் நாட்டிற்குச் சில நல்ல வாய்ப்புகளும் உள. அரசாங்க வைத்தியசாலைகளிற் சிகிச்சை இலவசம். பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971 இல் நிறுவப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் இன்றியமையா மருந்துகளை மலிவாகக் கிடைக்கச்செய்யும் கொள்கைக்கு வித்திட்டது. மூன்று மருந்துகளைச் சிறிய அளவிற் சேர்த்த ஒரே குளிசையை இலங்கையில் 700 நோயாளரிடம் சோதித்தபோது, ஆறு மாதத்தில் இலக்கை எய்தியவர் 70 வீதம், வழமையான சிகிச்சை பெற்றோருள் 55 வீதம் என 2018 இல் அறியப்பட்டது. வங்காளதேசம், பாக்கித்தான், இலங்கை ஆகிய நாடுகளின் கிராமங்களில் வீடுவீடாகச் சென்ற சுகாதாரப் பணியாளரின் துணையால் அமுக்கம் குறைந்தமை 2020 இல் வெளியாயிற்று.

தொடக்கமும் கண்டறிதலும்

வரலாற்று மாணவர் ஈண்டுக் கருதவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. நோய் தொடங்கிய ஆண்டும் அது கண்டறியப்பட்ட ஆண்டும் ஒன்றல்ல. இரண்டாண்டுக்கு ஒருமுறை அளந்த பிறாமிங்காமில் இவற்றிடை இடைவெளி சிறிது. அளவாத ஊரில் அது இருபது ஆண்டாகவும் இருத்தல் கூடும். ஐம்பத்தைந்தாவது வயதில் மயங்கி விழுந்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஒருவரின் ஏட்டில் "55" என்று எழுதப்படுமாயினும், தடித்துவிட்ட அவரது இதயச்சுவர் வேறோர் ஆண்டைக் கூறும். கல்வெட்டில் ஆண்டு பொறிக்கப்படாவிடின் எழுத்தின் வடிவங்கொண்டு காலத்தை ஊகிப்பது போல, இதயத்தின் தடிப்பையும் கண்ணின் பின்புறத்து நாடிகளையும் கொண்டு மருத்துவர் நோயின் காலத்தை ஊகிப்பர். ஆனால் ஊகம் ஆவணத்திற்கு ஈடாகாது.

நமது பிரதேசத்தில் அத்தகைய ஆவணம் ஒருசாராருக்கு உண்டு. 1926 இற் களுத்துறையில் முதற் சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது முதல் வளர்ந்துவந்த தாய்சேய் நலச் சேவையில், கருவுற்ற பெண்ணின் அமுக்கம் ஒவ்வொரு முறையும் அளந்து அவளது பதிவட்டையில் எழுதப்படுகின்றது. ஆகவே இருபது வயதுப் பெண்ணின் அமுக்கம் நாட்டில் எழுத்தில் உள்ளது. இருபது வயது ஆடவனின் அமுக்கத்தை எழுதுவார் இல்லை. கருவுற்ற காலத்தில் அமுக்கம் உயர்ந்து நச்சுநிலை எய்திய பெண்டிர்க்குப் பிற்காலத்தில் உயர் குருதியமுக்கம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கும் மாரடைப்பு வகை நோய்கள் வரும் வாய்ப்பு இருமடங்கும் என்று 2007 இல் முப்பது இலட்சத்திற்கு மேற்பட்ட பெண்டிர் பற்றிய தொகுப்பாய்வு கூறிற்று. பிள்ளை பிறந்தபின் பெட்டியடியிற் கிடக்கும் அவ்வட்டை, அத்தாயின் இதயத்திற்கு எழுதப்பட்ட முன்னெச்சரிக்கை எனலாம். அதனை எறிந்துவிடாது பேணுதலும் நாற்பதாவது வயதில் மருத்துவரிடம் காட்டுதலும் செலவற்ற செயல்கள்.

முடிவுரை

மேற்கூறியவற்றாற் பெறப்படுவன மூன்று. ஒன்று, உயர் குருதியமுக்கம் எவ்வயதிலும் கேடுடையதெனினும், இளமையில் தொடங்குவது சராசரியாக நோக்குமிடத்து வாழ்நாளைக் கூடுதலாகக் குறைக்கும். இரண்டு, இளமையில் தொடங்கியது குடும்பவழியே தொடரும். மூன்று, தொடங்கிய வயதை அறிய, நோயற்ற காலத்திலும் அளந்து எழுதிவைத்தல் இன்றியமையாதது. முதலிரண்டும் பிறநாட்டார் நமக்கு ஈந்த அறிவு. மூன்றாவது நாமே செய்யவேண்டிய பணி.

குடி எதுவென வினவித் திருமணம் பேசும் மக்களுக்கு, தந்தைவழியிலும் தாய்வழியிலும் யாருக்கு எந்த வயதில் "பிறசர்" வந்தது என வினவுதல் அரிதன்று. ஐம்பத்தைந்து வயதிற்கு முன் வந்தவர் குடும்பத்தில் இருப்பாராயின், அவர்தம் பிள்ளைகள் இருபது வயது முதலே ஆண்டிற்கு ஒருமுறை அளந்து, நாளும் எண்ணும் வயதும் ஒரு கொப்பியில் எழுதிவைத்தல் தகும். பல்கலைக்கழகத்திற் புகும் மாணவரின் அமுக்கத்தை அளந்து பேணுவதும் கிழக்கிலங்கைக்கு அரிய ஆய்வு மூலமாகும். ஹாவார்ட் மாணவரின் ஏடுகள் எழுதப்பட்டபோது அவற்றின் பயனை எவரும் அறிந்திலர் என்பதை நாம் மறத்தலாகாது.

பிதிர்க்கடன் என்பது இறந்தார்க்குச் செய்வது. அவர் தம் உடலிற் சுமந்து நமக்கு விட்டுச்சென்ற செய்தியை அறிந்து, இருப்பாரைக் காத்தலும் அக்கடனுள் அடங்கும். தந்தையின் பெயரோடு அவர் நோயுற்ற வயதையும் அறிந்த மகன், தன் பிள்ளைகள் தனக்காகத் தீர்த்தமாடும் நாளைப் பல்லாண்டு தள்ளிவைக்க வல்லவனாவான்.